கரண்ட் போனால் கார் கைகொடுக்குமா?

மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து கரண்டைத் திருப்பி எடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. காரில் உள்ள பிளக் பொயின்ட்டில் வயரைச் செருகி நாலைந்து கருவிகளை ஓட்டுவது முதல் வழி. கார் விற்பவர்கள் இதை வி-டூ-எல் என்பார்கள். சுவரில் தனியாக ஒரு பெட்டியைப் பூட்டி, அதன் வழியே முழு வீட்டுக்கும் கரண்ட் கொடுப்பது இரண்டாவது. அதற்குப் பெயர் வி-டூ-எச். மூன்றாவது வழியில், கார் வீட்டையும் தாண்டி நாட்டின் மின் வலையமைப்புக்கே கரண்ட் கொடுக்கும், அது வி-டூ-ஜி. மூன்றிலும் முதலாவதுதான் மலிவானது. இலங்கையில் இன்று ஓடும் கார்களில் கைக்கெட்டுவதும் அதுதான். மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ போன்ற மலையூரில் கேள்வி இன்னும் சுருங்கிவிடுகிறது: கரண்ட் போன இரவில் கார் எதையெல்லாம் ஓட்டும், எத்தனை நாளைக்கு ஓட்டும், அதற்குப் பிறகு மலையை விட்டு இறங்கக் காரில் மிச்சம் இருக்குமா?

மலையில் கரண்ட் போகும் விதம்

எல்கடுவ, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் உள்ள தேயிலை ஊர். ஹுன்னஸ்கிரிய மலையும் ஹுனாஸ் நீர்வீழ்ச்சியும் பக்கத்தில். அரசு வசமுள்ள பெருந்தோட்டக் கம்பனி ஒன்று இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. உக்குவெலயிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் வளைந்து வளைந்து ஏறும் வீதிகளே ஊருக்கு வழி. மின்கம்பிக்கும் வேறு வழி கிடையாது. இலங்கையின் கிராமப்புறங்களில் கரண்டைக் கொண்டுசெல்லும் 33,000 வோல்ட் கம்பிகள் இதே சரிவுகளில்தான், தேயிலைக்கு நிழல் தரும் மரங்களுக்கும் அல்பீசியாக்களுக்கும் இடையே ஏறி வருகின்றன. அல்பீசியா வேகமாக வளரும், அதே வேகத்தில் முறியும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு கிளை, வடகீழ்ப் பருவமழையில் ஊறிய மண்ணோடு ஒரு முழு மரம் என்று கம்பி அறுபடுவதற்கு ஆண்டு முழுவதும் காரணம் உண்டு. அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க மின்சார சபை ஊழியர்கள் இருட்டிலும் பனியிலும் கம்பியைத் தொடர்ந்து நடக்க வேண்டும். கொழும்பில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இங்கே மறுநாளைக்குப் போவது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலையின் அடிவாரத்தில் உக்குவெல மின்நிலையம் 1976 முதல் இயங்குகிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாக நீரைக் கொண்டுவந்து, 40 மெகாவாட் அளவில் மின்சாரம் எடுத்து, நீரைச் சுது கங்கையில் விடுகிறார்கள். மின்நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கம்பி அறுந்தால் எல்கடுவவும் இருட்டுதான். தேசிய வலையமைப்பு வருவதற்கு முன்பு மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல, தங்கள் ஓடையிலேயே சிறு நீர்மின் சுழலி வைத்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. மலிவான கரண்ட் கம்பியில் வந்ததும் பெரும்பாலானவை கைவிடப்பட்டன.

ஊர்க் கம்பி சரியாக இருந்தாலும் நாட்டுக்கே கரண்ட் இல்லாத நாட்கள் வேறு. 1996 வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு வந்தது. 2022இல் டொலர் இல்லாமல் எரிபொருள் வாங்க முடியாமல் போனபோது, மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏறிய குரங்கைக் காரணம் காட்டினார் மின்சக்தி அமைச்சர். ஒரு குரங்காலேயே நாட்டுக்கு இந்தக் கதி என்றால், குரங்குக்குப் பஞ்சமே இல்லாத நக்கிள்ஸ் அடிவாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் பலி. நாட்டின் சுமார் மூன்றிலொரு பகுதியில் மின்சாரம் இல்லை. கம்பியோடு வீதியும் போய்விட்ட ஊர்களுக்கு ஜெனரேட்டருக்கான எண்ணெயும் வந்து சேரவில்லை.

அட்டவணை போட்டு வெட்டும் மூன்று மணி நேரத்துக்கு எந்தக் காரும் போதும். அதற்குச் சின்ன இன்வேர்ட்டரும் பேட்டரியும்கூடப் போதும். மின்சாரக் காருக்கு உண்மையான வேலை, ஒரு நாளைத் தாண்டி நீளும் இருட்டில்தான்.

ஜப்பானில் பிறந்த யோசனை, ஜப்பானுக்கான வோல்ட்

காரை வீட்டு ஜெனரேட்டராக்கும் யோசனைக்கு உந்துதல் கொடுத்தது 2011 மார்ச் 11இல் ஜப்பானைத் தாக்கிய பூகம்பமும் சுனாமியும். பெட்ரோல் கிடைக்காத பகுதிகளில் நிவாரண வேலைக்கு நிசான் லீஃப் கார்கள் ஓடின. எண்ணெயை விடக் கரண்ட் முன்னதாகத் திரும்பியிருந்தது. மறு ஆண்டே ‘லீஃப் டூ ஹோம்’ என்ற ஏற்பாட்டை நிசான் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிச்சிகொன் கம்பனி செய்த ஒரு பெட்டி வீட்டுக்கு வெளியே நிற்கும். காரின் வேகச் சார்ஜிங் துளையில், அதாவது சாடெமோ துளையில், அதன் வயரைச் செருகினால் 6 கிலோவாட் வரை வீட்டுக்குள் பாயும். 2019 செப்டெம்பரில் பக்சாய் சூறாவளி சிபா பகுதியைத் தாக்கி 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டபோது, லீஃப் கார்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, காற்றாடியும் பிரிட்ஜும் போன் சார்ஜரும் அவற்றிலிருந்து ஓடின.

இலங்கை வீதிகளில் ஓடும் பழைய மின்சாரக் கார்களில் மிகப் பெரும் பங்கு இதே லீஃப்தான். இறக்குமதி வரி குறைவாக இருந்த 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் பாவித்த லீஃப்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. பிறகு வரி ஏறியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. அப்படியானால் எல்கடுவயில் ஒரு வாத்தியாரோ தோட்ட அலுவலரோ வைத்திருக்கும் பழைய லீஃப், ஜப்பானில் செய்வதை இங்கும் செய்யுமா? காரின் பக்கத்தில் தடையில்லை, துளை அதேதான். தடை பெட்டியில் இருக்கிறது. ஜப்பானிய வீடுகளுக்கு 100, 200 வோல்ட். இலங்கை வீட்டுக்கு 230 வோல்ட். அங்கே விற்ற பெட்டியை இங்கே கொண்டுவந்து மாட்ட முடியாது. 230 வோல்ட்டுக்கான சாடெமோ பெட்டிகள் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உண்டு. ஆனால் அவற்றின் விலை மிக அதிகம்.

இதே வோல்ட் சிக்கல் ஜப்பானிய ஹைபிரிட் கார்களிலும் இருக்கிறது. சில பிரியஸ், அவுட்லாண்டர் வண்டிகளின் பின்பக்கத்தில் 1,500 வாட் தரும் பிளக் பொயின்ட் உண்டு. பார்க்க ஆசையாக இருக்கும். அது 100 வோல்ட். இலங்கைப் பல்பை அதில் மாட்டினால் மங்கலாக எரியலாம், எரியாமலும் போகலாம். பிரிட்ஜ் மோட்டாரை மாட்டினால் அது சுற்றத் திணறிச் சூடாகிக் கெடும். இடையில் வோல்ட்டை உயர்த்தும் டிரான்ஸ்போமர் வைக்காமல் அந்தப் பொயின்ட்டைத் தொடக்கூடாது.

பழைய லீஃபில் எஞ்சியிருக்கும் வழி 12 வோல்ட் வழி. ஏறக்குறைய எல்லா மின்சாரக் கார்களிலும் பெரிய பேட்டரியைத் தவிர, சாதாரணக் காரில் உள்ளது போன்ற 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கும். கார் ‘ரெடி’ நிலையில் இருக்கும்போது பெரிய பேட்டரி இதைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சின்னப் பேட்டரியில் இன்வேர்ட்டரைப் பூட்டினால், சுற்றிவளைத்துப் பெரிய பேட்டரியின் கரண்ட் 230 வோல்ட்டாக வெளியே வரும். ஆனால் 12 வோல்ட்டில் வாட் சிறிதானாலும் அம்பியர் பெரிது. 600 வாட் எடுக்க 50 அம்பியருக்கு மேல் ஓட வேண்டும். வீட்டுச் சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக்கை விட நான்கு மடங்கு அது. கடையில் இன்வேர்ட்டரோடு இலவசமாகத் தரும் மெல்லிய வயரில், முதலைவாய் கிளிப்பைக் கடிக்கவிட்டு இதைச் செய்தால், கால் மணி நேரத்தில் கிளிப் கையில் பிடிக்க முடியாத சூட்டுக்கு வரும். விரல் பருமனான செப்பு வயர், திருகி இறுக்கும் முனை, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், இவை மூன்றும் இல்லாமல் இறங்கக்கூடாது. காரை ‘ரெடி’யில் வைக்க மறந்து இன்வேர்ட்டரை மட்டும் ஓட்டினால் சின்னப் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்து, பெரிய பேட்டரி நிறைந்திருக்கும்போதே கார் கிளம்ப மறுக்கும். இன்வேர்ட்டரும் தூய சைன் அலை தருவதாக இருக்க வேண்டும். மலிவான வகைகள் தரும் படிக்கட்டு அலையில் பல்பும் போன் சார்ஜரும் ஓடும், மோட்டார்கள் உறுமும்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறந்ததும் நிலைமை மாறியது. பிஒய்டி போன்ற சீனக் கம்பனிகளின் புதிய கார்கள் பெருமளவில் வந்தன. பிஒய்டி அட்டோ 3, ஹூண்டாய் அயோனிக் 5, எம்ஜி கம்பனியின் சில மாதிரிகள் போன்றவற்றில் வி-டூ-எல் வசதி கம்பனியிலேயே உண்டு. காரைச் சார்ஜ் செய்யும் துளையில் ஒரு கைப்பிடி அடாப்டரைச் செருகினால், மறுமுனையில் 230 வோல்ட் பிளக் பொயின்ட் கிடைக்கும். மாதிரிக்கு மாதிரி 2 முதல் 3.6 கிலோவாட் வரை தரும். ஒரு சாதாரண 13 அம்பியர் பொயின்ட் தருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2023 டிசம்பர் புயலில் கரண்ட் போனபோது, 11 வயதுச் சிறுவன் ஒருவனின் டயலிசிஸ் இயந்திரம் ஓடியது இப்படி ஒரு அட்டோ 3 காரிலிருந்துதான். அந்த அடாப்டர் காரோடு வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா, இலங்கைக்கு வரும் மாதிரியில் வசதி திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் மாதிரிக்கு மாதிரி மாறும். காரை வாங்கும்போதே, விற்பவர் முன்னிலையில், ஒரு கேத்தலை மாட்டிக் கொதிக்க வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை நாள்?

பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். மின்பட்டியலில் வரும் ஒரு யூனிட் என்பதும் அதுதான். முதல் தலைமுறை லீஃப் புதிதில் 24 யூனிட் கொள்ளும். அட்டோ 3 காரின் பெரிய பேட்டரி 60 யூனிட் கொள்ளும்.

எல்கடுவயின் குளிரில் காற்றாடிக்கு வேலை இல்லை. அது ஒரு சேமிப்பு. 9 வாட் பல்பு ஆறு, மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால் கால் யூனிட்டுக்குச் சற்று அதிகம். டிவி மூன்று மணி நேரம், ரூட்டர், நான்கு போன்கள் எல்லாம் சேர்ந்து மூன்றிலொரு யூனிட். பிரிட்ஜ் ஒரு நாளுக்கு ஒன்றேகால் யூனிட் அளவில் எடுக்கும். ஒரு வேளை சோறு ரைஸ் குக்கரில் வைத்தால் 0.3 யூனிட். ஆக நாளுக்கு இரண்டு யூனிட்டும் கொஞ்சமும். 60 யூனிட் பேட்டரியில் ஐந்திலொன்றைத் தொடாமல் வைத்தாலும் மிச்சம் 48. அப்படியென்றால் மூன்று வாரம் ஓட வேண்டும்.

ஓடாது. கார் தனக்காகவும் கரண்ட் எடுக்கும். வெளியே கரண்ட் கொடுக்கும் நேரம் முழுவதும் காரின் கணினிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் விழித்தே இருக்கும். மாதிரியைப் பொறுத்து 100 முதல் 300 வாட் வரை அவற்றுக்கே போகும். 200 வாட் என்று வைத்தால், 24 மணி நேரத்துக்கு 4.8 யூனிட். வீடு சாப்பிடுவதை விடக் கார் சாப்பிடுவது இரண்டு மடங்குக்கு மேல். இரவும் பகலும் மாட்டியே வைத்தால் 48 யூனிட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

அதனால் நேரம் பார்த்து மாட்டுவதுதான் புத்தி. காலையில் இரண்டு மணி நேரம், மாலை ஐந்தரையிலிருந்து பதினொன்றரை வரை என்று எட்டு மணி நேரத்துக்கு மட்டும் ஓட்டினால், காருக்குப் போவது 1.6 யூனிட்டாகக் குறையும். வீட்டோடு சேர்த்து நாளுக்கு 3.7. பதின்மூன்று நாள் தாங்கும். அந்த எட்டு மணி நேரத்தில் பிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்துவிடும். இடையில் கதவைத் திறக்காமல் இருந்தால், அதிலும் மலைக் குளிரில், அடுத்த முறைவரை பால் கெடாது. போன்களையும் சார்ஜ் லைட்டுகளையும் அந்த நேரத்துக்குள் நிரப்பிவிட்டால், இரவு நடுவில் எழுந்தால்கூட வெளிச்சத்துக்குக் காரை எழுப்ப வேண்டியதில்லை.

பழைய லீஃபுக்கு வேறு கணக்கு. பேட்டரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லாத அந்தக் கார் பத்தாண்டு தாண்டினால் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்திருக்கும். 24 யூனிட்டில் 14 மிஞ்சியிருப்பதாக வைத்தால், பயணத்துக்கு 5 ஒதுக்கியபின் 9. இன்வேர்ட்டரிலும் 12 வோல்ட் வழியிலும் ஐந்திலொரு பங்கு விரயமாகும். பிரிட்ஜையும் சேர்த்து ஓட்டினால் இரண்டு நாள். பிரிட்ஜை விட்டுவிட்டு வெளிச்சம், போன், ரூட்டர், டிவி மட்டும் என்றால், மாலை ஐந்து மணி நேரமாக, ஐந்து நாள். பழைய கார் ஒன்றிடமிருந்து இது குறைந்த உதவியில்லை.

சூடாக்கும் கருவிகள்தான் இந்தக் கணக்கைக் குலைப்பவை. கேத்தல் 2,000 வாட், அயன் பெட்டி 1,000க்கு மேல், சுடுநீர் ஷவர் 3,000க்கும் மேல். 12 வோல்ட் வழியில் இவற்றை நினைக்கவே வேண்டாம். வி-டூ-எல் காரில் கேத்தல் ஓடும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். சுடுநீர் குளியலுக்கு விறகடுப்பே வழி. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஓடும்போது சில நூறு வாட் எடுத்தாலும், தொடங்கும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது மற்றவற்றை அணைத்துவிட வேண்டும்.

பேட்டரி கெட்டுப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. நாளுக்கு 3.7 யூனிட் என்பது சுமார் 25 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஆகும் கரண்ட். அதுவும் மலை ஏறும்போது போல ஒரேயடியாக இழுக்காமல் மெதுவாகக் கசியும் கரண்ட். ஆண்டில் சில நாட்களுக்கு இப்படி எடுப்பது பேட்டரிக்குப் பெரிய சுமையில்லை. கம்பனியின் உத்தரவாதப் பத்திரத்தில் வி-டூ-எல் பாவனைக்கு ஏதேனும் எல்லை போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் வழியை எந்தக் கம்பனியும் சிபாரிசு செய்வதில்லை. அது சொந்தப் பொறுப்பு.

இறங்கப் போதுமானது, ஏறப் போதுமானது

மலையூரில் ஒதுக்கீட்டுக் கணக்கு சமவெளியைப் போல இராது. காரும் இரண்டு ஆட்களுமாக 1,650 கிலோ எடையை 100 மீற்றர் உயர்த்த, விரயத்தையும் சேர்த்து அரை யூனிட் போதும். எல்கடுவயிலிருந்து மாத்தளைக்குச் சில நூறு மீற்றர் இறக்கம். 500 மீற்றர் இறக்கமும் 20 கிலோமீற்றர் ஓட்டமும் என்று வைத்தால், சமவீதியில் 3 யூனிட் ஆகும் ஓட்டத்துக்கு இறங்கும்போது 2 போதும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி, ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். திரும்பி ஏற ஐந்தரை வேண்டும்.

அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்கத்தான் ஒதுக்கீடு தேவை. மாத்தளையில் கரண்ட் இருந்தால் அங்கேயே நிரப்பிக்கொண்டு ஏறலாம். மாத்தளை வீதி மண்சரிவில் அடைபட்டால் வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்க வேண்டி வரலாம்; அந்தத் தூரத்துக்கும் சேர்த்து 5 யூனிட்டைத் தொடாமல் வைத்திருப்பது நியாயம். புதிய கார்களில் வி-டூ-எல் நிறுத்த வேண்டிய அளவைத் திரையிலேயே குறித்துவிடலாம். பழைய லீஃபில் ஆள்தான் பார்த்து அணைக்க வேண்டும்.

ஜெனரேட்டருக்கு இல்லாத ஒரு வசதி இங்கே கிடைக்கிறது. தண்ணீர் வராத ஊருக்குப் பவுசர் போய் நிரப்பிக்கொண்டு வருவது போல, கரண்ட் இருக்கும் ஊருக்குக் கார் போய் நிரப்பிக்கொண்டு வரும். மாத்தளையில் ஒரு வேகச் சார்ஜரில் ஒரு மணி நேரம் நின்றால், எல்கடுவயில் ஒரு வாரத்துக்கான கரண்ட் ஏறிவிடும். வீதி திறந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்கக் கேனோடு போக வேண்டும். 2022இல் கேன்களில் எண்ணெய் கொடுப்பதையே தடை செய்திருந்தார்கள். மழைக்காக ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளேயோ விறாந்தையிலேயோ வைத்து, அதன் கார்பன் மொனொக்சைட்டில் உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. காருக்குப் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை.

இரண்டு பக்கமும் ஆண் பிளக்

காரின் பிளக் பொயின்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, பிரிட்ஜையும் விளக்குகளையும் நேரே அதில் மாட்டுவது பாதுகாப்பானது. வயர் ரீலை முழுதாகப் பிரித்துவிட வேண்டும். சுருட்டியபடியே 2 கிலோவாட் எடுத்தால் உள்ளே சூடு தங்கி உறை உருகும். மலை மழையில் அடாப்டரும் இணைப்புகளும் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். காரை விறாந்தைப் பக்கம் பின்னோக்கி விட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

ஆபத்து, வீட்டு வயரிங்கிற்கே கரண்ட் கொடுக்க நினைக்கும்போது தொடங்குகிறது. ஒவ்வொரு அறைக்கும் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, இரு முனையிலும் ஆண் பிளக் பூட்டிய வயரை ஒரு முனையில் காருக்கும் மறுமுனையில் சுவர்ப் பொயின்ட்டுக்கும் செருகுவார்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் காலங்காலமாக இருக்கும் பழக்கம் இது. வயரின் ஒரு முனை கழன்று விழுந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பிகளில் 230 வோல்ட் நிற்கும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் கரண்ட் வீட்டை விட்டு வெளியேறி, கம்பத்திலுள்ள டிரான்ஸ்போமருக்குள் தலைகீழாக ஏறும். 33,000 வோல்ட்டை வீட்டு அளவுக்குக் குறைக்கும் அதே பெட்டி, வீட்டு வோல்ட்டை 33,000 நோக்கி உயர்த்தவும் செய்யும். பெரும்பாலும் பக்கத்து வீடுகளின் சுமையெல்லாம் சேர்ந்து இழுப்பதால் காரின் பாதுகாப்புச் சுற்று அணைந்துவிடும். ஆனால் கம்பி வீட்டுக்கு அருகிலேயே அறுந்திருந்தால் சுமை எதுவும் இருக்காது. அறுந்த முனையில் கரண்ட் அப்படியே நிற்கும். அதைப் பிடிக்கப்போவது மழையில் கம்பி தேடி வந்த மின்சார சபை ஊழியராகவோ தேயிலைக்குள் குறுக்குவழியில் நடக்கும் பிள்ளையாகவோ இருக்கலாம்.

இதற்குச் சரியான ஏற்பாடு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மெயின் கம்பிக்கோ காருக்கோ, ஏதாவது ஒன்றுக்கு மட்டுமே வீட்டை இணைக்கும் அமைப்பு அது. இரண்டும் ஒருசேர இணைய வழியே இல்லை. தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டுதான் பூட்ட வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டின் ட்ரிப் சுவிட்ச், கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் வெட்டும். பல கார்களின் வி-டூ-எல் வெளியீட்டில் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்கும். அந்த நிலையில் கசிவு நேர்ந்தாலும் ட்ரிப் சுவிட்ச் வெட்டாமல் போகலாம். காரின் கையேட்டைப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் இணைப்புக் கொடுக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையைத் தொட வேண்டும்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வலையமைப்போடு இணைந்த சோலார் இன்வேர்ட்டர், கரண்ட் போனதும் தானும் அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக வைத்த விதி அது. நல்ல வெயிலில்கூட வீடு இருட்டாக இருப்பதன் காரணம் இதுவே. காரின் 230 வோல்ட்டை அதே வயரிங்கில் விட்டால், மெயின் கரண்ட் வந்துவிட்டதாக நினைத்துச் சோலார் விழித்துக்கொண்டு காருக்குள் கரண்டைத் தள்ளப் பார்க்கும். வாங்குவதற்குத் தயாராக இல்லாத காரின் சுற்று கெடக்கூடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சோலாரையும் துண்டிக்கும்படி இருக்க வேண்டும்.

யாருடைய கார், யாருக்கு வெளிச்சம்

எல்கடுவத் தோட்டங்களின் லயங்களில் மின்சாரக் கார் இல்லை. அங்கே இருப்பது ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும். கார் இருப்பது ஹோட்டலிலோ அலுவலர் பங்களாவிலோ கடைவீதியில் ஒன்றிரண்டு வீடுகளிலோதான். அதனால் இந்த ஊரில் ஒரு காரை ஒரு வீட்டின் பொருளாக மட்டும் பார்த்தால் கணக்கு சிறுத்துப்போகும். ஒரு போனை நிரப்ப 15 வாட் மணி போதும். ஒரு யூனிட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட போன்கள் நிரம்பும். மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கும் ஐம்பது குடும்பங்களுக்கு, வெளிச்சத்தோடு சேர்த்தே ஓர் இரவுக்கு மூன்று நான்கு யூனிட்டில் காரியம் முடியும். ஜப்பானில் பல நகரசபைகள், அனர்த்த நேரத்தில் முகாமுக்குக் கார் அனுப்புவது என்று நிசானுடன் முன்கூட்டியே உடன்படிக்கை செய்து வைத்திருக்கின்றன. இங்கே பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் வைத்திருக்கும் அனர்த்தப் பட்டியலில், யாரிடம் எந்தக் கார், எத்தனை கிலோவாட் தரும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. போன் நிரம்பினாலும் தொலைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்தால் சிக்னல் இருக்காது. டித்வா நாட்களில் பல ஊர்கள் அப்படித்தான் தனித்துப்போயின. அதைக் கார் சரிசெய்யாது.

தோட்ட மருந்தகத்தில் தடுப்பூசியும் இன்சுலினும் வைக்கும் சின்னப் பிரிட்ஜுக்கும் ஆவி பிடிக்கும் நெபுலைசருக்கும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை யூனிட் போதும். அதை ஒரு கார் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளாது. வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகள், உருட்டும் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் பல கிலோவாட். பறித்த கொழுந்து கெடாமல் இருக்க டீசல் ஜெனரேட்டர் அங்கே இன்னும் நிற்கத்தான் வேண்டும்.

கரண்ட் திரும்பி வந்ததும் உடனே சேஞ்ச் ஓவரைத் திருப்பக்கூடாது. முதல் சில நிமிடங்களுக்கு வோல்ட் ஏறி இறங்கும். மீண்டும் போகவும் கூடும். பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகு முதலில் காரின் வெளியீட்டை நிறுத்தி, சுவிட்சை மெயினுக்குத் திருப்பி, பிரிட்ஜைக் கடைசியாகப் போடுவது முறை. காரைச் சார்ஜில் போட அவசரப்படக் கூடாது. நாள் கணக்கில் அணைந்திருந்த பிரிட்ஜுகளும் கேத்தல்களும் மோட்டார்களும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விழிக்கும்போது, அதோடு 7 கிலோவாட் கார் சார்ஜர் ஒன்றும் சேர்ந்தால், பல வீடுகளைத் தாங்கும் சின்னத் தோட்ட டிரான்ஸ்போமரின் ஃபியூஸ் மறுபடியும் போகும். மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்தைத் தெரிவுசெய்த வீடுகளுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சக் கட்டணம், 10.30 முதல் காலை 5.30 வரை மலிவுக் கட்டணம். அந்தத் திட்டத்தில் சேராதவர்களும் இரவு பத்தரைக்குப் பிறகு, வேகத்தைக் குறைத்து 2 கிலோவாட் அளவில் மாட்டினால், விடிவதற்குள் பதினான்கு யூனிட் ஏறியிருக்கும். நாளுக்கு 3.7 யூனிட் செலவழித்த வீட்டுக்கு அது கிட்டத்தட்ட நாலு நாள் கரண்ட்.